கண்ணால் படிக்கிற பிள்ளையா, காதால் படிக்கிற பிள்ளையா?

போன வருடம் ஜூனில் நாக்பூருக்கு மாற்றலாகி வந்தோம். அதற்கு முன் மூன்று வருடம் தென்காசிப் பக்கம் ஒரு கிராமக் கிளை. வங்கிக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிய கதைதான். ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம், புது மொழி. இந்த முறை கூடவே ஒரு முத்திரையும் கிடைத்தது: "உங்கள் பையன் விஷுவல் லேர்னர்."

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் ஒரு தாளைக் கொடுத்தார். பிள்ளைகளிடம் சில கேள்விகள் கேட்டு, கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்திருக்கிறார்கள். நாலாவது படிக்கும் என் பையன் முதல் வகை. ஆகவே இந்தி டிக்டேஷனில் அவனுக்கு மார்க் குறைவது இயல்புதானாம். படம் காட்டிச் சொல்லித்தந்தால் சரியாகிவிடுமாம்.

டீச்சர் நல்லவர். 42 பிள்ளைகளை வைத்துக்கொண்டு 35 நிமிடத்தில் பாடம் நடத்துகிறவர் இவ்வளவு யோசித்ததே பெரிய விஷயம். 'மண்டு' என்று குட்டு வாங்கிப் படித்த நமக்கு இது சொர்க்கமாகத் தெரியும். ஆனால் இந்த வகைப்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

இது பரவக் காரணமானவர்களில் ஒருவர் நியூசிலாந்துக்காரரான நீல் ஃப்ளெமிங். 1992-ல் 'வார்க்' என்ற கேள்வித்தாளை அறிமுகப்படுத்தினார். (1983-ல் ஹோவர்ட் கார்ட்னர் சொன்ன பல்வகை நுண்ணறிவு வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று கார்ட்னரே பின்னால் சொல்லவேண்டி வந்தது.) பிள்ளைகளுக்கு விருப்பம் வேறுபடும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கண் வகைப் பிள்ளைக்குப் படமாகவும் காது வகைப் பிள்ளைக்குப் பேச்சாகவும் நடத்தினால் இருவரும் கூடுதலாகக் கற்பார்களா? 2008-ல் ஹரோல்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியல் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்தார்கள். இதை நம்பி வகுப்பறையை மாற்றும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு. நம் ஊர்ப் பள்ளிகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது :-)

சரி, டிக்டேஷனில் என்னதான் தப்பு? நோட்டைப் புரட்டினால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தப்பெல்லாம் ஒரே ஜாதி. இந்தியில் 'கானா' என்பதை ஒரு மாதிரி சொன்னால் சாப்பாடு, இன்னொரு மாதிரி சொன்னால் பாட்டு. அவர்களுக்கு நான்கு 'க', நமக்கு எழுத்தில் ஒன்றே ஒன்று. த, ப எல்லாவற்றிலும் இதே கதை. தென்காசியிலிருந்து வந்த பிள்ளை எப்படி எழுதுவான்? காதில் கோளாறு இருக்குமோ என்று டாக்டரிடமும் காட்டிவிட்டோம், ஒன்றுமில்லை. இன்னொரு வேடிக்கை, மராத்தியில் 'ள' உண்டு, வழக்கமான இந்தியில் கிடையாது. மராத்தி வகுப்பில் இந்தி வீட்டுப் பிள்ளைகள் அந்த 'ள'வில் தடுமாற, நம் பையன் அநாயாசமாகச் சொல்கிறான். காதால் கற்க வராதவனுக்கு இது மட்டும் எப்படி வந்தது?

பக்கத்து ஃபிளாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பையன் அவரை 'ஆஜி' என்று கூப்பிடுவான் (மராத்தியில் பாட்டி). அவர் ஒரு மெல்லிய காகிதத்தை அவன் வாய்க்கு முன்னால் பிடித்தார். முதல் 'க'வுக்குக் காகிதம் சும்மா இருந்தது. இரண்டாவதற்கு ஆடியது. மூன்றாவதற்குத் தொண்டையில் விரலை வைக்கச் சொன்னார், அதிர்ந்தது. நான்காவதற்குத் தொண்டையும் அதிர்ந்தது, காகிதமும் ஆடியது. ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் விளையாட்டுப்போல நடந்தது. டிக்டேஷன் தப்பு பாதியாகக் குறைந்துவிட்டது.

இதில் கண், காது, கை மூன்றும் இருக்கின்றன. எதைக் கொண்டு கற்பது என்பதைப் பாடம்தான் முடிவு செய்கிறது. வரைபடத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரும் படிக்க முடியாது. காம்பஸைக் கையில் பிடிக்காமல் வட்டம் வராது.

ஆசிரியர் பிள்ளைக்கு ஏற்ப மாறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை எங்கே நிற்கிறான் என்று பார்த்து மாறச் சொல்கிறேன். பிரதம் அமைப்பு அதைத்தான் செய்கிறது. எழுத்து மட்டும் தெரிந்தவர், சொல் படிப்பவர், பத்தி படிப்பவர் என்று பார்த்து, எந்த வகுப்பு என்பதைத் தள்ளிவைத்துவிட்டுக் குழு பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் வைத்ததும் இதே யோசனைதான். அரும்பில் இருக்கும் பிள்ளை மொட்டுக்குப் போகலாம், மலருக்கும் போகலாம். விஷுவல் லேர்னர் எங்கே போவான்? வாராக்கடன் என்று வகைப்படுத்திய கணக்கைக்கூட, பாக்கி முழுவதும் கட்டிவிட்டால் நாங்கள் மறுபடி 'ஸ்டாண்டர்டு' ஆக்கிவிடுகிறோம் ஐயா!

இன்னொரு பயமும் உண்டு. எழுத்துக் குழப்பம் நிஜமாகவே டிஸ்லெக்ஸியாவாக இருக்கும் பிள்ளையை 'அவன் செய்து கற்கிற வகை' என்று சொல்லிச் சமாதானமாகிவிட்டால், கிடைக்க வேண்டிய உதவி வருடக்கணக்கில் தள்ளிப்போகும். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கும் இடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

கைரேகையை ஸ்கேன் செய்து கற்றல் வகை சொல்கிறோம் என்று பணம் வாங்குகிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் கிளையில் தினமும் கைரேகை வைக்கிறோம். ஆள் யார் என்று அது சொல்லும், இந்தி எப்படிப் படிப்பான் என்று சொல்லாது.

டீச்சருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் என்ன மொழி, இதுவரை எந்த மொழிகளில் படித்தான், எந்தெந்த ஒலிகள் அவனுக்குப் புதிது, கணக்கில் எதுவரை முடித்திருக்கிறான், அவ்வளவுதான். படித்துவிட்டு, வகுப்பில் இன்னும் மூன்று தென்னிந்தியப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் நோட்டையும் பார்க்கிறேன் என்றார்.

கொல்கத்தா, புவனேஸ்வர் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், அங்கே நம் பிள்ளைகளுக்கு எந்த எழுத்து இடிக்கிறது?