தொட்டிச் செடி எதனால் வாடுகிறது?

விலை கொடுத்து வாங்கி வந்த அன்று கண்ணைப் பறித்த செடி, கூடத்து மூலையில் வைத்த இரண்டாம் மாதமே சோர்ந்து போகிறது. இலை மஞ்சளிக்கிறது; தண்டு துவள்கிறது. முந்திய வாரம் வீட்டுக்கு வந்த மாமி ஒருவர், “எவ்வளவு பச்சை, எவ்வளவு செழிப்பு!” என்று வியந்து சென்றிருந்தால் போதும், கண்ணூறு பட்டுவிட்டது என்று தீர்ப்பே எழுதி விடுகிறோம். மாமியை விட்டு விடுங்கள். தொட்டியைத் தூக்கி அதன் அடியைப் பாருங்கள்.

வீட்டுக்குள் வளரும் செடிகளின் மடிவுக்குப் பூச்சியும் நோய்க்கிருமியும் காரணமாவது உண்டு. ஆனால் அவற்றினும் மிகுதியாக அவற்றைக் கொல்வது நம்முடைய பரிவுதான். காலையில் உம்மா ஒரு குவளை நீர் ஊற்றுகிறார். பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு குவளை. வாடியிருக்கிறதே என்று இரக்கப்பட்டு இரவில் வாப்பா ஒரு குவளை. ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது.

இதில் நம்மை மயக்கும் செய்தி ஒன்று உண்டு. நீரின்றி வாடும் செடியும் நீர் மிகுந்து வாடும் செடியும் பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். இரண்டிலும் இலை தொங்கும். ஏன்? வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடைவெளியில் தங்கியிருக்கும் காற்றிலிருந்து அது ஆக்சிஜனைப் பெறுகிறது. அந்த இடைவெளி முழுவதையும் நீர் அடைத்துக் கொண்டால் வேர் திணறுகிறது. திணறி நலிந்த வேரைப் பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் பற்றிக்கொண்டு அழுகச் செய்கின்றன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே தொட்டி நிறைய நீர் நிற்கும்போதே மேலே இலை தாகத்தால் வாடுகிறது! அதைக் கண்டு நாம் இன்னொரு குவளையை எடுத்து வருகிறோம்.

எனவே ஊற்றுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேற்பரப்பை நம்ப வேண்டாம். இக்காலத்தில் நாற்றுப் பண்ணைகளில் தென்னைநார்க் கழிவை நிரப்பியே பெரும்பாலான செடிகளை விற்கிறார்கள். அது மேலே வெளுத்து உலர்ந்தது போல் காணப்படும். உள்ளே சொதசொதவென்று ஈரம் இருக்கும். நீர் ஊற்றிய நாளில் தொட்டியைக் கையில் தூக்கி அதன் கனத்தை மனத்தில் வைத்துக் கொள்வதும் நல்ல பழக்கம். நான்கு நாள் கழித்துத் தூக்கும்போது கனம் குறையவில்லையெனில் செடி நீர் அருந்தவில்லை என்று பொருள்.

அப்போதும் ஐயம் தீரவில்லையா? தயங்காமல் தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். ஐந்து நிமிடம் வெளியே இருப்பதால் அது செத்து விடாது. நலமான வேர் பெரும்பாலும் வெண்மையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகிக் குழைந்திருக்கும். இரு விரலால் பற்றி இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று உள்ளே நூலிழை மட்டும் நிற்கும். சாக்கடை வாடையும் வீசும். மண்ணைச் சுற்றிச் சின்னஞ்சிறு கரிய ஈக்கள் பறந்தால் அதுவும் ஓயாத ஈரத்தின் அடையாளமே. அழகுக்காக நாம் வைக்கும் துளையற்ற பீங்கான் உறைத் தொட்டியும் அடித்தட்டும் இந்த நோய்க்கு நல்ல துணைவர்கள். தட்டில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதையும் மறவாதீர்கள்.

“அதே செடிக்கு வாசல் திண்ணையில் நாள்தோறும் நீர் ஊற்றினேன், நன்றாகத்தானே இருந்தது?” என்று நீங்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. விடை வெளிச்சத்தில் இருக்கிறது. நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். நமக்கு வெளிச்சமாகத் தோன்றும் அறையின் உட்புறத்திலோ அது சில நூறு லக்ஸ்தான். நம் கண் எளிதில் இருளுக்குப் பழகிக் கொள்வதால் இந்த வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. ஒளி குறைந்தால் செடி உணவு சமைப்பதும் குறைகிறது. நீர் பருகுவதும் குறைகிறது. திண்ணைக்கு ஏற்ற அளவு கூடத்தில் வெள்ளம். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, புதிய இலைகள் சிறுத்து, தண்டு முழுதும் சன்னலை நோக்கிச் சாய்ந்தால் அது கேட்பது வெளிச்சம், உரம் அன்று.

இலையின் நுனி மட்டும் தீய்ந்தது போல் பழுப்பாவது வேறு கதை. இன்று பல இல்லங்களில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. அது கழித்துத் தள்ளும் நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுகிறோம். சிக்கன எண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்தக் கழிவு நீரில்தான்! மழையில் கரைந்தோட வழியில்லாத சிறு தொட்டியில் அந்த உப்பு நாளுக்கு நாள் சேர்ந்து, மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. அந்நீரைத் தரை துடைக்கப் பயன்படுத்துங்கள். செடிக்கு மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

செடியில் ஒரு குறையும் இன்றி, அறையின் காற்றே நோயாவதும் உண்டு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டிமித்ரி நெல்யூபோவ் என்னும் இளம் ஆய்வாளர் பட்டாணி நாற்றுகளை ஆய்வுக்கூடத்தின் இருட்டில் வளர்த்து வந்தார். அவை நிமிர்ந்து வளராமல் தடித்துக் குறுகிப் பக்கவாட்டில் படுத்தன. விதையைக் குறை சொல்லியிருக்கலாம். மண்ணைக் குறை சொல்லியிருக்கலாம். அவரோ நாற்றுகளுக்கு வெளிக்காற்றைக் கொடுத்துப் பார்த்தார். அவை நேராக வளர்ந்தன! ஆய்வுக்கூடத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயு கசிந்து காற்றில் கலந்திருந்ததும், அந்த வாயுவில் அடங்கிய எத்திலீன்தான் நாற்றுகளை முடக்கியது என்பதும் தெளிவாயின. 1901ஆம் ஆண்டில் அவர் இதை வெளியிட்டார். பழுக்கும் ஆப்பிள்கள் தாமே அதே எத்திலீனை வெளியிடுகின்றன என்று 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் மெய்ப்பித்தார். எனவே சன்னலெல்லாம் மூடிய குளிர்சாதன அறையில், வாழைப்பழமும் மாம்பழமும் நிறைந்த கூடைக்கு அருகில் வைத்த ஆர்க்கிட் மொட்டுகள் மலராமலே உதிர்ந்தால், முதலில் பழக்கூடையை அப்புறப்படுத்துங்கள்.

இவ்வளவையும் பார்த்த பின்னரே பூச்சியைத் தேட வேண்டும். இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். மேற்புறத்தில் ஊசியால் குத்தியது போல் வெளிர் புள்ளிகள் தோன்றி, அடியில் மெல்லிய வலை தென்பட்டால், ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மீது இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். குளியலறைக் குழாயின் கீழ் இலைகளை நன்றாகக் கழுவி, சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்தால் பெரும்பாலும் ஒழியும். பஞ்சு போல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியைச் சிறிது ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். மிகுதியாகிவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுத்து வந்து கூடத்தில் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் 2013 ஜூலை 16ஆம் நாள் மதிய உணவு உண்ட சின்னஞ்சிறு குழந்தைகள் 23 பேர் இறந்தனர். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. பருத்திக் காட்டுக்கென்று செய்த நஞ்சுக்கு, குழந்தை தவழும் அறையில் என்ன வேலை? அதுவும் வேரழுகலைப் பூச்சி என்று தவறாக எண்ணித் தெளித்தால், செடியும் பிழைக்காது; நஞ்சு மட்டும் திரைச்சீலையிலும் பாயிலும் தங்கும்.

வேர் அழுகியிருப்பது உறுதியானால் என்ன செய்யலாம்? ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரிக்கோலால் குழைந்த வேர்களை எல்லாம் வெட்டி எறிந்து, பழைய மண்ணையும் கொட்டி விடுங்கள். புதிய மண்ணுடன் பருமணல் கலந்து, முன்னதைவிடச் சிறியதும் அடியில் துளை உள்ளதுமான தொட்டியில் நட்டு, வெளிச்சம் உள்ள சன்னலருகே வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். புதுத் தளிர் காணும்வரை உரமும் வேண்டாம்; வேரில்லாத செடிக்கு உரமிடுவது பல் முளைக்காத பிள்ளைக்கு இறைச்சி ஊட்டுவது போலாகும்.

தண்டின் அடியும் கறுத்துக் குழைந்துவிட்டால் அச்செடியைக் காப்பது அரிது. எனினும் மணிபிளாண்ட் போன்ற கொடியாயின், மேலே நலமாக உள்ள பகுதியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு நீரில் மூழ்கும்படி ஒரு கண்ணாடிக் குவளையில் வைக்கலாம். ஈர மண்ணில் அழுகிய கொடி வெறும் நீரில் எப்படி வேர்விடும் என்று வியப்பீர்கள். தெளிந்த நீரில் காற்று கரைந்திருக்கிறது. நீரிலேயே பிறக்கும் வேரும் அதற்கேற்ப அமைந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை நீரை மாற்றினால் இரண்டு மூன்று வாரங்களில் கணுவில் வெள்ளை வேர் தென்படும். இரண்டு அங்குலம் நீண்ட பின் மண்ணுக்கு மாற்றுங்கள். வெட்டிய கையைக் கழுவிக் கொள்ளுங்கள். மணிபிளாண்டின் சாற்றில் ஊசி போன்ற நுண்படிகங்கள் உண்டு. வாயில் பட்டால் நாவும் உதடும் எரிந்து வீங்கும். குவளையைத் தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.