கல்மரமும் ஒரு திருட்டுப் பயலும்

"நேஷனல் பார்க்குக்குப் போறோம்டா"ன்னு சொன்னதும் பையன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, புலி இருக்குமா?"

இருக்காது, மரம்தான் இருக்கும்னேன்.

"மரம் பாக்க எதுக்குப்பா அவ்ளோ தூரம்? நம்ம கல்வராயன் மலையிலயே இருக்கே?"

நியாயமான கேள்விதான். ஆனா நாங்க போனது திருவக்கரை தேசிய கல்மரப் பூங்காவுக்கு. பேருதான் தேசியப் பூங்கா. காடு, விலங்கு, ஜீப் சவாரி எல்லாம் கிடையாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிற தேசிய புவியியல் நினைவுச் சின்னம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரம் தாண்டிப் போகணும், சுமாரா நூறு கிலோமீட்டர்.

போனதுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. அதை வீட்டுல தங்கமணிகிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன். என் பேன்ட் பாக்கெட்டுல ஒரு கல்லு இருந்துச்சு.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன்.

1991. எட்டாவது படிக்கிறேன். ஸ்கூல் டூர். செஞ்சிக் கோட்டை, திருவக்கரை, கடைசியா பாண்டிச்சேரி பீச். கோட்டை ஏறி கால் வலிச்சுது, எல்லாருக்கும் எப்படா கடலைப் பாப்போம்னு இருந்துச்சு. நடுவுல அரை மணி நேரம் இங்க இறக்கி விட்டாங்க. "எல்லாம் கல்லாப் போன மரம், சீக்கிரம் பாத்துட்டு வந்து வண்டில ஏறுங்க." அவ்வளவுதான் விளக்கம். நான் குனிஞ்சேன், உள்ளங்கை அளவு ஒரு துண்டை எடுத்தேன், டவுசர் பாக்கெட்டுல போட்டேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் எடுத்ததைப் பாத்துட்டுதான் எடுத்தேன். அதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

அந்தக் கல்லு முப்பது வருஷத்துக்கும் மேல எங்க வீட்டு ஷோகேஸ்ல இருந்துச்சு. உக்காந்த இடத்துலயே மூணு மாவட்டம் பாத்துடுச்சு. வந்தப்ப தென்னாற்காடு, 1993-லேர்ந்து விழுப்புரம், 2019-லேர்ந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் :-) வர்றவங்ககிட்ட "இது ரெண்டு கோடி வருஷத்து மரம்"னு பெருமையா காட்டுவேன். எங்கேர்ந்து கெடைச்சுதுன்னு கேட்டா, "டூர் போனப்ப"ன்னு சொல்லி பேச்சை மாத்திடுவேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

திருவக்கரையில என்ன விசேஷம்னு தெரியாதவங்களுக்கு: மண்ணுல மரங்கள் சாய்ஞ்சு கெடக்கு. பட்டை மாதிரியே வரி, வெட்டுன இடத்துல வளையம். தொட்டாதான் கல்லுன்னு தெரியும். சுமார் இருநூறு மரம் இருக்கு. 3 மீட்டர்லேர்ந்து 15 மீட்டர் நீளம் வரைக்கும். புளியமரத்தோட சொந்தக்காரங்க, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்ததுன்னு பல வகையை அடையாளம் கண்டிருக்காங்க. 1781-லயே சொன்னெரா என்கிற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இதைப் பத்திக் குறிச்சு வச்சிருக்கார். பூங்காவா ஆனது 1940-ல.

மரம் எப்படிக் கல்லாச்சு? ஏதோ ஒரு பெருவெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்து மணலுக்குள்ள பொதைஞ்சுடுச்சு. காத்து போகாததால சீக்கிரம் மக்கிப் போகல. நிலத்தடித் தண்ணியில கரைஞ்சிருந்த சிலிக்கா, மரத்தோட நுண்ணிய அறைகளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாப் புகுந்து, மரம் இருந்த இடத்தை எல்லாம் தான் எடுத்துக்கிச்சு. உருவம் மரத்தோடது, உடம்பு கல்லோடது.

வெள்ளத்துல வந்துச்சுன்னு எப்படித் தெரியும்? பெரும்பாலான மரங்கள்ல கிளை இல்ல, இலை இல்ல, வேரும் இல்ல. அங்கேயே நின்னு செத்த மரமா இருந்தா அதெல்லாம் இருந்திருக்கணும். அதாவது மரம் எப்படி, எந்த மண்ணுல, எந்த நிலையில கெடக்குதுங்கறதுதான் சாட்சி. கல்லு பாதிக் கதைதான் சொல்லும். மீதிக் கதை அது கெடந்த எடத்துல இருக்கு.

ஊர்ல வேற ஒரு கதையும் உண்டு. பக்கத்துல இருக்கிற சந்திரமௌலீஸ்வரர் கோயில், அங்க இருக்கிற வக்கிரகாளி ரொம்பப் பிரசித்தம். பௌர்ணமிக்கு அவ்வளவு கூட்டம் வரும். வக்கிராசுரனைக் கொன்னப்ப சிதறின எலும்புதான் இந்தக் கல்லுன்னு சொல்லுவாங்க. சின்ன வயசுல எனக்கு அதை யாராவது சொல்லியிருந்தா, அசுரன் எலும்பைத் தூக்கி பாக்கெட்டுல போட்டிருக்க மாட்டேன். பயத்துலயாவது விட்டிருப்பேன்!

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். இந்த மாதிரி எடத்தைக் காலி பண்றது லாரி வச்சுக் கடத்துறவன் மட்டும் இல்ல. "ஒரே ஒரு கல்லுதானே"ன்னு எடுக்கிற நல்லவங்க, அதாவது நம்மளும்தான். எங்க பஸ்ஸுல நாப்பது பேர். ஆளுக்கு ஒண்ணுன்னா ஒரு மத்தியானத்துல நாப்பது துண்டு. வருஷத்துக்கு எத்தனை பஸ்?

உடனே "வேலி போடு, போலீஸ் போடு"ன்னு ஒரு குரல் வரும். பூங்கா ஒரே எடத்துல இல்ல சாமி. 247 ஏக்கர், ஒன்பது துண்டா பிரிஞ்சு கெடக்கு. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஆளை நிறுத்த முடியுமா?

அமெரிக்காவுல அரிசோனாவுல இதே மாதிரி ஒரு கல்மரத் தேசியப் பூங்கா இருக்கு. அங்க மரத்துக்கு வயசு இருபது கோடிக்கு மேல. அங்கயும் இதே தலைவலிதான். ராபர்ட் சியால்டினி என்கிற உளவியல் பேராசிரியர் தன் குழுவோட அங்க ஒரு சோதனை பண்ணினார். "இதுக்கு முன்னாடி வந்த பலபேர் கல்லை எடுத்துட்டுப் போய் பூங்காவையே மாத்திட்டாங்க"ன்னு ஒரு போர்டு. "தயவுசெய்து எடுக்காதீங்க"ன்னு இன்னொரு போர்டு. ரெண்டாவது போர்டு இருந்தப்ப திருட்டு நூத்துக்கு ரெண்டுக்கும் கீழ. முதல் போர்டு இருந்தப்ப நூத்துக்கு எட்டு கிட்ட! எல்லாரும் எடுக்கிறாங்கன்னு சொன்னதே எடுக்கிறதுக்கு லைசென்ஸ் ஆயிடுச்சு. எனக்கு முன்னாடி எடுத்த அந்த ரெண்டு பசங்க ஞாபகம் வர்றாங்களா?

அதே பூங்காவுக்கு, எடுத்துட்டுப் போனவங்க மன்னிப்புக் கடிதத்தோட கல்லைத் திருப்பி அனுப்புறாங்களாம். ஆனா அதை மறுபடி தரையில பரப்ப முடியாது. எந்த எடத்துக் கல்லுன்னு தெரியாதே! அதனால தனியா ஒரு குவியலா போட்டு வச்சிருக்காங்க.

நானும் அப்படித்தான் திருப்பிக் கொடுத்தேன். அங்க இருந்த பெரியவர்கிட்ட கல்லை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார்னு நெனச்சேன். திட்டல. கையில வாங்கித் திருப்பிப் பாத்துட்டு, "எந்தப் பக்கம் எடுத்தீங்க தம்பி?"ன்னு கேட்டார்.

நான் திரும்பிப் பாத்தேன். எல்லாம் செம்மண்ணு, எல்லாம் கல்லு. தெரியல. உண்மையாவே தெரியல. திட்டியிருந்தா கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டேன்.

பையன் எல்லாத்தையும் பாத்துட்டு இருந்தான். வண்டில ஏறினதும் கேட்டான், "உனக்கு அப்ப யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லலையாப்பா?"

சொல்லலடா. சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணவும் முடியாது. ஆனா வெள்ளம், மணல், ரெண்டு கோடி வருஷம்னு எல்லாத்தையும் வண்டி கெளம்பறதுக்கு முன்னாடியே யாராவது பத்து நிமிஷம் சொல்லியிருந்தா, குனியறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.

அதனால ஸ்கூல் டூர் கூட்டிட்டுப் போற வாத்தியார்களுக்கு என் வேண்டுகோள்: அங்க போய் விசிலடிச்சு வெரட்டாதீங்க. முந்தின நாள் வகுப்புலயே கதையைச் சொல்லிடுங்க. "பசங்க எல்லாம் தூக்கிட்டு வந்துடுவாங்க, ஜாக்கிரதை"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது வேற வேலை செய்யும். பீச்சுக்கு அரை மணி கம்மியானா ஒண்ணும் குடி முழுகிடாது.

திரும்பி வரும்போது கள்ளக்குறிச்சி நெருங்க நெருங்க கல்வராயன் மலை தெரிஞ்சுது. அந்த மலைப் பாறைக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம்டா, நாம பாத்த மரத்தை விட நூறு மடங்குக்கு மேலன்னு சொன்னேன். "அப்ப அதுக்கு ஏன் ஒரு போர்டு கூட இல்ல?"ன்னான். நல்ல கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. மூணாவது மாவட்டத்துலயாவது யாருக்காவது தோணணும்.

ஷோகேஸ்ல அந்தக் கல்லு இருந்த எடம் மட்டும் வெளுப்பா, வட்டமா தெரியுது. தங்கமணி அங்க ஒரு பூ ஜாடி வைக்கிறேன்னாங்க. வேணாம், கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்னு சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டு ஷோகேஸையும் ஒரு தடவை பாத்துடுங்க.