பள்ளிக்கூடத்தில் யார் பெரியவர்? ஹெச்.எம்.மா, பெற்றோரா?

தஞ்சாவூர்: கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ல் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் பலியானதை இந்த மாவட்டம் மறக்காது. பள்ளியைப் பெற்றோரும் கண்காணிக்கணும் என்பதற்கு வேறு காரணமே வேண்டாம்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2022ல் தமிழக அரசு குழுக்களைத் திருத்தி அமைத்தது. தலைவர், பெற்றோரில் ஒருவர். தலைமை ஆசிரியர் கூட்டுநர்.

சிக்கல் இங்கேதான். நடவு நாளில் கூட்டம் போட்டால் வயலுக்குப் போகிற அம்மா எப்படி வருவார்? அப்புறம் கையெழுத்து மட்டும் கேட்டால் சந்தேகம் வராதா? ஹெச்.எம்.முக்கோ 'நம்மை வேவு பார்க்கிறாங்க' என்ற பயம்.

நடவு, அறுப்பு பார்த்து கூட்டம் வைக்கட்டும். செலவுக் கணக்கை வாசிச்சுக் காட்டட்டும். பெற்றோரும் குறை சொல்ல மட்டும் வரக்கூடாது. நம்பிக்கை தன்னால வரும்!