26 வயதில் வெளிவந்தது, 80 வயதில் பரிசு

ஒரு பேராசிரியரின் தகுதியை இப்போதெல்லாம் எண்ணித்தான் பார்க்கிறார்கள். எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு என்று கணக்கு. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் இதற்கென்று மதிப்பெண் முறையே கொண்டு வந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ரொனால்டு கோஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரின் கதையைப் பார்த்தால் காரணம் புரியும்.

கோஸ் 1910-ல் லண்டனில் பிறந்தவர். தந்தை தபால் இலாகாவில் தந்தி ஊழியர். சிறுவயதில் காலில் பலவீனம் இருந்ததால் இரும்புப் பட்டை கட்டி நடந்தார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பி.காம். படித்தார். 1931-ல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனவர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற தொழிற்சாலைகளுக்கு நேரில் சென்று பேசினார்.

அவர் மனதில் இருந்த கேள்வி எளிமையானது. எல்லாவற்றையும் சந்தை விலையே நடத்தி வைக்கும் என்றால், கம்பெனி என்று ஒன்று எதற்கு?

நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். ஓட்டல் முதலாளி தினமும் காலையில் ஒரு சமையல்காரரைத் தேடிப்பிடித்து, கூலி பேசி அழைத்து வருவதில்லை. மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்கிறார். தேடுவதற்கும் பேரம் பேசுவதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் நிறுவனங்கள் உருவாகின்றன என்றார் கோஸ்.

1932-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் விரிவுரையாளராகச் சேர்ந்தபோதே வகுப்பில் இதைச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 21. ஆனால் கட்டுரையாக வெளிவந்தது 1937-ல். ஐந்து வருடம்! வெளிவந்த பிறகும் பல ஆண்டுகள் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1960-ல் இன்னொரு முக்கியமான கட்டுரை. ஒருவர் தொழிலால் பக்கத்தில் இருப்பவருக்கு ஏற்படும் பாதிப்பை எப்படித் தீர்ப்பது என்பது பற்றியது. அதன் அடிப்படைக் கருத்தைச் சிகாகோ பேராசிரியர்கள் முதலில் ஏற்கவில்லை. சுமார் இருபது பேர் ஒரு வீட்டில் கூடி, இரவு வெகுநேரம் வாதாடி, கடைசியில் கோஸ் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார்கள். 1964-ல் அவர் சிகாகோ சட்டக் கல்லூரியிலேயே பேராசிரியரானார். 1991-ல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 80. பரிசுக்கு முக்கியக் காரணம் இந்த இரண்டு கட்டுரைகள்தான். கணிதச் சூத்திரங்களை அவர் நாடவே இல்லை.

எண்ணிக்கை இல்லாவிட்டால் சோம்பேறிகள் தப்பித்துக்கொள்வார்கள், சிபாரிசு புகுந்துவிடும் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் எண்ணிக்கை வந்தபிறகு என்ன நடந்தது? பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் பத்திரிகைகள் பெருகின.

பதவி உயர்வுக்கு வருபவரிடம் அவருடைய சிறந்த கட்டுரைகள் இரண்டை மட்டும் கேளுங்கள். தேர்வுக்குழுவினர் அவற்றை முழுக்கப் படித்துவிட்டு அவரோடு ஒரு மணி நேரம் விவாதிக்கட்டும். வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று மாணவர்களையும் கேட்கட்டும். கூட்டல் கணக்கை விட இதற்கு நேரம் அதிகம் ஆகும்தான். ஆனால் ஐந்து வருடம் ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் இளம் ஆசிரியருக்கு அப்போதுதான் வேலை நிலைக்கும்.