சுருட்டை முடிக்கு ஒரு சட்டம்!

தலைமுடியைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலை மறுக்கலாமா?

கூடாது என்று அமெரிக்காவில் ஒரு மாநிலம் சட்டம் போட்டது. அது கலிபோர்னியா. ஆண்டு 2019. அதைப் பின்பற்றி 20க்கு மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய சட்டம் செய்துவிட்டன. "கிரவுன் சட்டம்" என்று அதைச் சொல்கிறார்கள். கிரவுன் என்றால் மகுடம்.

அடுப்பில் சுட்ட சீப்பு

அமெரிக்கக் கறுப்பின மக்களில் மிகப் பலருக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. அதை அப்படியே விட்டால் "ஒழுங்காக இல்லை" என்று ஆபீசுகளில் முகம் சுளித்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் இதே கதைதான்.

ஆகவே பெண்கள் முடியை நேராக்கிக்கொண்டார்கள். உலோகச் சீப்பை அடுப்பில் வைத்துச் சுடவைப்பார்கள். எண்ணெய் பூசிய முடியில் அதை இழுப்பார்கள். காதும் கழுத்தும் சுட்டுக்கொள்வது உண்டு. இப்போது மின்சாரக் கருவி வந்துவிட்டது. சூடு மட்டும் போகவில்லை.

மறுத்தவர் கதி

2010ல் அலபாமா மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அவருடைய சடைமுடியை வெட்ட வேண்டும் என்றார்கள். அவர் மறுத்தார். வேலை போயிற்று.

அவருக்காக அரசாங்கக் கமிஷன் வழக்குப் போட்டது. 2016ல் அப்பீல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. தோலின் நிறத்தை மாற்ற முடியாது. முடி அலங்காரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே இது இன வேற்றுமை ஆகாது என்பது கோர்ட்டின் முடிவு.

இந்த ஓட்டையைத்தான் கிரவுன் சட்டம் அடைத்தது. சுருட்டை, பின்னல், சடை எல்லாம் இனத்தோடு சேர்ந்தவை என்று அது சொல்கிறது.

சூடு செய்யும் வேலை

மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வது எளிது. மாற்றினால் முடி என்ன ஆகிறது?

சட்டைக்கு இஸ்திரி போட்டால் சுருக்கம் போகும். நனைந்தால் திரும்ப வரும். முடியும் அப்படித்தான். அளவான சூட்டில் நேராகும். தண்ணீர் பட்டால் மறுபடி சுருளும்.

சூடு மீறினால் சங்கதி வேறு. முடி ஒருவகைப் புரதம். முட்டையின் வெள்ளைக் கருவும் புரதமே. வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகுமா? வெந்த முடியும் பழைய நிலைக்கு வராது. சில கருவிகள் 230 டிகிரி சென்டிகிரேடு வரை சுடும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈர முடியில் சூட்டுக் கருவியை வைப்பது இன்னும் கெடுதல். முடிக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிவிடும். அந்த இடத்தில் முடி ஒடியும்.

சுருட்டை முடிக்கு ஆபத்து அதிகம். தலையில் ஊறும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை போவதில்லை. முடி வறண்டு, வளைவிலேயே ஒடிகிறது. தலைக்கு வெளியே உள்ள முடிக்கு உயிர் இல்லை. கெட்ட முடியைச் சரிசெய்ய மருந்து கிடையாது. வெட்டிவிட்டுப் புது முடிக்குக் காத்திருக்க வேண்டும். அது மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும்.

எது நல்லது?

சூடே ஆகாது என்று தோல் மருத்துவர்கள் சொல்லவில்லை. வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், குறைந்த சூடு போதும், முடி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

திருமணத்துக்கோ திருநாளுக்கோ ஆசைப்பட்டு முடியை நேராக்குவதில் பெரிய கேடு இல்லை. உத்தியோகம் போய்விடுமே என்று பயந்து அடிக்கடி சுட்டுக்கொள்வதில்தான் கேடு. பயந்தவருக்கு வாரம் ஒரு தடவை என்ற கணக்கு எப்படிப் பொருந்தும்?

2022ல் இந்தச் சட்டத்தை நாடு முழுவதற்கும் கொண்டுவரப் பார்த்தார்கள். பிரதிநிதிகள் சபை ஒப்புக்கொண்டது. செனட் சபையில் நிறைவேறவில்லை. ஆகவே பாதுகாப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

சட்டம் யாருடைய சீப்பையும் பிடுங்கவில்லை. முடியைச் சுடுவதா, விடுவதா என்று முடிக்கு உரியவரே முடிவு செய்யட்டும் என்கிறது. அவ்வளவுதான்.