பெயர் போடாத டிரம்பெட்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு மீன் வாங்க வரும் மலையாளிகளுக்கும் முருங்கைக்காய் தேடி வரும் தமிழர்களுக்கும் அந்த மூன்றெழுத்து இன்று ஒரு மெட்ரோ ஸ்டேஷன், அவ்வளவுதான். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் யார் நினைவிலும் வருவதில்லை. அந்த ராணுவத்தைப் பின்னணியாக வைத்து 1950-ல் வந்த இந்திப் படம் ‘சமாதி’. படம் மறந்துவிட்டது, ‘கோரே கோரே’ பாட்டு மறக்கவில்லை. இசை சி. ராமச்சந்திரா. (இசையமைப்பாளராக அவர் கணக்கைத் தொடங்கியது தமிழில்: ‘ஜெயக்கொடி’, ‘வனமோகினி’.) அந்தக் காலத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிக் சாக்லேட் என்ற டிரம்பெட் கலைஞர்.

மிட்டாய்ப் பெயருக்குள் இருந்தவர் அன்டோனியோ சேவியர் வாஸ். 1916-ல் கோவாவின் அல்டோனாவில் பிறந்தவர். ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று பம்பாய் அவரைக் கொண்டாடியது.

அவரைப் போன்றவர்கள் ஜாஸுக்கு வந்த வழி மாதா கோயில் வழி. போர்த்துகீசிய கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் பையன்களுக்கு இசைக் குறிப்பு படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்காகத்தான். ஆனால் பூசை சோறு போடாதே! ராணுவ பாண்டு, மகாராஜா பாண்டு, ஊமைப்பட தியேட்டர், ஓட்டல் என்று கிளம்பினார்கள். 1935-ல் பம்பாய் தாஜ் ஓட்டலுக்கு லியோன் அபேயின் கறுப்பு அமெரிக்க பாண்டு வந்தது. காகிதத்தில் இருப்பதைப் பிசகாமல் வாசிப்பவர்களுக்கு, காகிதத்தில் இல்லாததை வாசிப்பது எப்படி என்று அப்படி வந்த கலைஞர்கள் காட்டினார்கள்.

பிறகு மதுவிலக்கு வந்தது. கிளப்புகள் களையிழந்தன. சினிமா ஸ்டூடியோ அழைத்தது. அங்கே பழைய பள்ளிப் பாடமே மீண்டும் உதவியது: இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவார், வயலினுக்கு என்ன, டிரம்பெட்டுக்கு என்ன என்று பிரித்து எழுதுபவர் கோவாக்காரர். டைட்டிலில் அவருக்குக் கிடைத்தது ‘உதவியாளர்’ பட்டம். பலருக்கு அதுவும் இல்லை.

வயலின் ஆசிரியர் அந்தோணி கோன்சால்வெஸ் கதை விசித்திரமானது. 1977-ல் ‘அமர் அக்பர் அந்தோணி’யில் அவர் பெயரையே பாட்டாக்கினார்கள், இசையமைத்த இரட்டையரில் ஒருவரான பியாரேலால் அவரிடம் படித்தவர் என்பதால். நாடே அந்தப் பெயரைப் பாடியது, அது அமிதாப்பின் பாத்திரப் பெயர் என்றெண்ணி.

சாக்லேட் 1967-ல் காலமானார். ‘அல்பேலா’ (1951) கிடைத்தால் பாருங்கள். அதன் கிளப் பாட்டில் சுருக்கு வைத்த சட்டையும் டிரம்பெட்டுமாக பாண்டோடு நிற்பவர் அவர்தான்.