இல்லமும் அறிவியலும்: உரக்கப் பேசினால் போதுமா?



தில்லியில் என் அண்டை வீட்டில் வாழும் அன்பர் ஒருவரின் மகள், தஞ்சையிலுள்ள பாட்டியிடம் தமிழ் கற்கிறாள். இரவு எட்டு மணிக்குக் காணொளியில் பாடம் நடைபெறும். சில வாரங்களாக அந்நேரத்தில் பாட்டியின் முகம் அசைவற்று நின்றது, குரல் அறுந்தது. ழகரம் பயிலும் குழந்தைக்கு அந்த ஒலியே கேட்கவில்லையெனில் பாடம் ஏது?

கேபிளில் இணைத்த கணினியில் தடையில்லை. ஆகவே கோளாறு வைஃபையில்தான் என்று தெளிந்தோம். அவருடைய ரவுட்டரில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் கட்டற்ற மென்பொருள் இயங்குகிறது. “ஒலிபரப்பு ஆற்றலைக் கூட்டலாமா?” என்றார். வேண்டாமென்றேன். ரவுட்டர் உரக்கப் பேசலாம். கைப்பேசியின் மெல்லிய மறுமொழி ரவுட்டரை எட்ட வேண்டாமா?

மடிக்கணினியைக் கேபிளால் இணைத்து, எஸ்.எஸ்.எச். வழியே கட்டளை வரியை அடைந்தோம். முதலில் ஸ்கேன் செய்து அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் சேனல்களை நோக்கினோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல்களுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்; ஒலிபரப்போ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொள்ளும். எனவே 1, 6, 11 ஆகிய மூன்றுமே ஒன்றோடொன்று மோதாமல் இயங்கத்தக்கவை. நண்பரின் கருவியோ 3ஆம் சேனலில், 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அமர்ந்து, 1, 6 இரண்டிலும் இருந்தோரோடு மோதிக்கொண்டிருந்தது!

ஆங்கில எழுத்தில் தட்டவேண்டிய கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன். ‘யூசிஐ செட்’ கொண்டு, நெரிசல் குறைந்திருந்த 11ஆம் சேனலையும், ‘எச்டி20’ என்னும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையும், இந்தியாவுக்குரிய ‘ஐஎன்’ குறியையும் அமைத்தோம். நாட்டுக் குறியைக் கொண்டே அனுமதிக்கப்பட்ட சேனல்களையும் ஆற்றலையும் கருவி அறியும். ‘யூசிஐ சேஞ்சஸ்’ மாற்றங்களைக் காட்டும். பிழையிருப்பின் ‘யூசிஐ ரிவர்ட் வயர்லெஸ்’ அவற்றைக் கைவிடும். பின்னர் ‘யூசிஐ கமிட் வயர்லெஸ்’ சேமிக்கும். ‘வைஃபை ரீலோட்’ செயற்படுத்தும். அக்கணம் வைஃபை அறுபடும். கேபிள் வழியே நுழையச் சொன்னதன் காரணம் இதுவே.

அன்றிரவு எட்டு மணிக்கு, “வாழைப்பழம் சொல்லம்மா” என்றார் பாட்டி. “வாளைப்பளம்” என்றாள் பேத்தி. பாட்டி சிரித்துக்கொண்டே திருத்தினார். அந்தத் திருத்தம் தெளிவாகக் கேட்டது.

உங்கள் இல்லத்திலும் ஆற்றலைக் கூட்டுமுன் அண்டை வீட்டார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நாம் ஒதுங்கி அமர்ந்தால் அவர்களுக்கும் நன்மையே.